ஆல்பட்டண்ணன் கட்டிய கலெக்டர் வேஷம்

இந்த வாரம் எழுதாமலே டிமிக்கி கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். 'ஜுரம்' என்று பத்திரிகை ஆபீஸுக்கு ஒரு கார்டு போட்டால் காரியம் முடிந்தது. முன்பு ஒரு வாரம் அப்படித்தான் தப்பித்தேன். ஆசிரியர் தங்கமான மனுஷர். என் ஜுரத்தை நம்பி, மிளகுக் கஞ்சி குடிக்கச் சொல்லிப் பதில் எழுதினார். அதை நான் டீக்கடையில் படித்துக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைத்தேன். (அச்சுக்கு அனுப்புமுன் இதையும் அவர்தான் படிப்பார் என்பது இப்போதுதான் உறைக்கிறது. மன்னிக்கணும்.)

எழுத வேண்டாம் என்று நினைத்ததற்குப் பாதிக் காரணம் சோம்பல். மீதி வெட்கம். ஒரு மனுஷர் என்னால் இந்த ஊரையே விட்டுப் போனார். அதை எழுதினால், ஏன் போனார் என்பதையும் எழுத வேண்டும். அங்கேதான் நான் வருகிறேன், என் அழகான முகத்தோடு.

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர், "அரும்பு மீசைப் பயலுக்கு நினைவுக் குறிப்புகள் ஒரு கேடா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். ஐயா, கிழவனான பிறகு எழுதலாம் என்றால் அப்போது எது ஞாபகம் இருக்கும்? சூடு ஆறுவதற்குள் எழுதினால்தான் உண்டு. மீசையும் இப்போது பரவாயில்லை.

கடைசியில் காதர்தான் என்னை உட்கார வைத்தான். காதர் என்னோடு ஒரே தோல் ஷாப்பில் வேலை செய்கிறவன். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன், தோல் ஷாப்பு என்றால் செருப்புக் கடை இல்லை. பச்சைத் தோலைப் பதப்படுத்துகிற இடம். காதர் வீட்டில் உருது பேசுவான், வெளியே தமிழில் திட்டுவான், இரண்டிலும் பாட்டுக் கட்டுவான்.

"இன்னாடா முனுசாமி, கோழி திருடுன கதை, குதிர வண்டி கவுந்த கதையெல்லாம் எழுதினியே. ஆல்பட்டண்ணன் கதை எப்ப வரும்?"

"வரும் வரும். கொஞ்சம் ஜுரமா கீது."

"உன்னாலதான்டா அந்தாளு கப்பல் ஏறுனாரு. அத எழுதச் சொன்னா ஜுரம் வந்துடுமா உனுக்கு?"

சரி, எழுதுகிறேன்.

உடைந்த கண்ணாடி

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை தோல் ஷாப்புகளுக்கு லீவு. ஆம்பூரில், பாலாற்றங்கரைப் பக்கம், தோல் உலர்த்துகிற பெரிய கொட்டகை ஒன்று உண்டு. அதன் வாசலில் மேடை போட்டிருந்தோம். கொட்டகைக்குள்ளேதான் வேஷம் கட்டுகிற இடம்.

கவிழ்த்துப் போட்ட பீப்பாய் மேல் ஆல்பட்டண்ணன் உட்கார்ந்திருந்தார். அசல் வெள்ளைக்காரர், லண்டன்காரர். மூங்கிலில் செருகியிருந்த உடைந்த கண்ணாடியைப் பார்த்து, தன் வெள்ளை முகத்தின்மேல் வெள்ளைப் பவுடரை மெதுவாகப் பூசிக்கொண்டிருந்தார்.

நான் பக்கத்தில், தோல் ஊறப்போடுகிற ஆவாரம்பட்டை மூட்டைகளின் மேல் மல்லாந்து கிடந்தேன். முகத்தில் ஈரத்துணி. ஒரு கண்தான் திறந்தது.

"அண்ணே, நீங்கதான் பொறக்கும்போதே வெள்ளையாச்சே. அதும்மேல எதுக்கு இன்னொரு கோட்டிங்கு?"

அவர் திரும்பவில்லை. கருக்கிய தக்கையால் புருவத்தை இழுத்துக்கொண்டே சொன்னார்: "நான் வெள்ளைக்காரன்தான்டா. கலெக்டர் இல்லியே."

தட்டி இடுக்கு வழியாக வெளியே தெரிந்தது. தரை தெரியாமல் ஜனம். முதல் வரிசையில் பெஞ்சு போட்டு ஒரு சப்-இன்ஸ்பெக்டர், இரண்டு பக்கமும் கான்ஸ்டபிள்கள்.

அன்று அவர் அந்த மேடையில் ஏறினால், சீக்கிரமே கப்பல் ஏற வேண்டும். இது அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியும். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த சப்-இன்ஸ்பெக்டருக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் புருவத்தை இழுத்துக்கொண்டிருந்தார்.

அந்த இடத்துக்கு அவர் எப்படி வந்து சேர்ந்தார் என்பது ஒரு தனிக் கதை.

ஆம்பூர் என்றொரு மாடு

முழுப்பெயர் ஆல்பர்ட் ஹோகின். பிறந்தது லண்டனில், ஆற்றுக்குத் தெற்கே, தோல் பதனிடுகிற தெருக்களில். லண்டனிலும் அப்படித் தெரு உண்டா என்று நான் வாயைப் பிளந்தேன். லண்டன் முழுக்க ராஜாவும் அவர் குதிரைகளும்தான் இருப்பதாக அதுவரை என் எண்ணம்.

அவருடைய அப்பா அங்கே தோல் ஷாப்புத் தொழிலாளி. மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து கட்டுக்கட்டாகத் தோல் போகுமாம். ஒவ்வொரு தோலிலும் அது வந்த ஊரின் பெயரை முத்திரையாக அடித்திருக்குமாம். சின்ன வயதில் ஆல்பட்டண்ணன் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றதே அந்த முத்திரைகளில்தான்.

"ஆம்பூர்னு நெறைய வரும். அது அந்த மாட்டோட பேருன்னு நெனச்சேன்" என்பார். "எவ்ளோ பெரிய குடும்பம், எல்லா மாட்டுக்கும் ஒரே பேரு!"

பதினாறு வயதில் தோல் வேலையை விட்டு நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். கொஞ்ச நாளைக்கு மற்ற நடிகர்கள் பக்கத்தில் நிற்க மாட்டார்களாம், வாடை. இந்த இடம் வந்ததும் காதரும் நானும் எங்கள் சட்டையை முகர்ந்து பார்த்துக்கொண்டோம்.

தூக்குப் போட்ட கணக்கு

அவர் ஒருநாளும் கதாநாயகன் ஆனதில்லை. நீள மூக்கு, கீழே இறங்கிய வாய், உள்ளே போன கண். முகத்தைப் பார்த்ததுமே கம்பெனி முதலாளிகள் ஜட்ஜ் வேஷத்தைக் கொடுத்துவிடுவார்களாம். ஜட்ஜ் இல்லையென்றால் போலீஸ். போலீஸ் இல்லையென்றால் குடிசையைக் காலி பண்ண வருகிற ஜப்திக்காரன். எதுவுமே இல்லாத நாடகத்தில், பெரிய மனுஷன் வீட்டுக் கதவைத் திறந்துவிடுகிற பட்லர்.

"மேடையில நான் எத்தினி பேர தூக்குல போட்டிருப்பேன் தெரியுமா? பாதி லண்டன் காலி" என்பார்.

சாயங்காலம் ஜட்ஜ் கோட்டைப் போட்டுக்கொண்டு ஏழைகளுக்குத் தண்டனை கொடுப்பார். மறுநாள் காலையில் தெருமுனையில் ஒரு மரப்பெட்டி மேல் ஏறி நின்று, அதே ஏழைகளுக்காகத் தொண்டை கிழியப் பேசுவார். நேற்று ராத்திரி அவரை ஜட்ஜாகப் பார்த்தவன் காலையில் பெட்டி மேல் பார்த்தால் என்ன நினைப்பான்? "இன்னா நெனப்பான்? தீர்ப்ப மாத்திட்டான்னு சந்தோசப்படுவான்" என்றார்.

ஒருதடவை திரை இழுக்கிற ஆட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆல்பட்டண்ணன் நாடகத்தின் நடுவில் மேடையை விட்டு இறங்கினார். ஜட்ஜின் பொய்முடி தலையில் இருந்தபடியே நேராக வாசலுக்குப் போய் அவர்களோடு நின்றுவிட்டார். உள்ளே மேடையில் ஒரு கைதி தீர்ப்புக்காகக் காத்துக்கொண்டே இருந்தானாம்.

அதற்கப்புறம் லண்டனில் யாரும் அவரைக் கூப்பிடவில்லை. ஊர் ஊராகப் போகிற கம்பெனிகள்தான் வைத்துக்கொண்டன. அப்படி ஒன்றோடுதான் இந்தியாவுக்கு வந்தார். பெங்களூர் தண்டுப் பகுதியில் வெள்ளைச் சிப்பாய்களுக்கு நாடகம். ஒருநாள் காலையில் பார்த்தால் மானேஜரைக் காணோம், கம்பெனியும் இல்லை. மற்றவர்கள் வீட்டுக்குத் தந்தி கொடுத்தார்கள். தந்தி கொடுக்க ஆல்பட்டண்ணனுக்கு யாரும் இல்லை. மனைவி போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகியிருந்தது.

ரயிலடிக்குப் போய் ஊர்ப் பெயர்ப் பலகையைப் படித்தாராம். காட்பாடி போகிற வழியில் அந்த மாட்டின் பெயர் இருந்தது.

இறங்கிவிட்டார்.

துரை என்று கூப்பிடாதே

லண்டன் வியாபாரிகளுக்குக் கடிதம் எழுத ஆள் தேடிக்கொண்டிருந்தார் எங்கள் முதலாளி. தோலைத் தடவிப் பார்த்தே ரகம் சொல்கிற வெள்ளைக்காரன் வாசலில் வந்து நின்றால் விடுவாரா? மேஜை நாற்காலி போட்டுக் கொடுத்தார்.

ஆல்பட்டண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்த நேரம் கம்மி. குழிப் பக்கம், பட்டை இடிக்கிற பக்கம் என்று எங்களோடுதான் சுற்றுவார். எங்களுக்கு ஒரு பேஜார், இவரை எப்படிக் கூப்பிடுவது?

முதல் நாள் நான் "துரை" என்றேன். முகம் சுருங்கிவிட்டது.

"துரைன்னு கூப்ட்டா திரும்பிப் பாக்க மாட்டேன்."

"அப்ப இன்னான்னு கூப்புடுறது? மிஸ்டரா?" என்றான் காதர்.

"உங்களுக்குள்ள இன்னான்னு கூப்ட்டுக்கறீங்க?"

"இவன நான் நாயேன்னு கூப்புடுவேன்" என்று என்னைக் காட்டினான்.

வெள்ளைக்காரரை நாயே என்று கூப்பிடுகிற தைரியம் இல்லாததால் அவர் ஆல்பட்டண்ணன் ஆனார். காதர் தெருவில் மட்டும் ஆல்பட்டு பாய். எங்களிடம் பேசிப் பேசியே தமிழ் கற்றார். ஆகையால் சுத்தமான ஆம்பூர்த் தமிழ். எழுத்தைக் கற்றது சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸ்களில். பாலாற்றுப் பக்கம் ஒரு சந்தில் இரண்டு அறை வீடு. கொல்லையில் முருங்கைக் குச்சி நட்டார். "காய் எப்ப வரும்?" என்று தினமும் கேட்பார். இனி இங்கேயே இருந்துவிடுவது என்ற முடிவு அவருக்கு. காடு போகிற வரைக்கும் ஆம்பூர்தான் என்று காதரின் அம்மாவிடமே சொல்லியிருக்கிறார்.

அப்போதுதான் தொழிலாளர் சங்கம் ஒன்று டீக்கடைக்குப் பின்னால் முளைத்திருந்தது. ஆல்பட்டண்ணன் வந்து தரையில் உட்காருவார். பேச மாட்டார். எங்கள் மனுக்களின் இங்கிலீஷைத் திருத்திக் கொடுப்பார், அவ்வளவுதான். அதுவே வேலூருக்கு எட்டிவிட்டது. பெரிய ஆபீஸிலிருந்து ஆள் வந்து அவரை வேலூருக்குக் கூட்டிப்போனது.

அங்கே ஒரு வெள்ளை அதிகாரி டீ கொடுத்து உபசரித்தாராம். டீ முடிந்ததும் ஒரு தாளை நீட்டினாராம். 'தொழிலாளிகளோடு எந்தக் காரணத்துக்காகவும் மேடை ஏற மாட்டேன். ஏறினால் சர்க்கார் என்னை ஊருக்குத் திருப்பி அனுப்பலாம்.' ஆல்பட்டண்ணன் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

காதருக்கு ஆத்திரம். "எதுக்குண்ணே போட்டீங்க?"

"போடலன்னா அன்னிக்கே கப்பல். போட்டதால இன்னும் உங்களோட கீறேன்."

பகல் வெளிச்சத்தில் நாடகம்

சங்கத்தில் சேர்ந்ததற்காக ஐந்து பேரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். எங்கள் ஷாப்பில் இரண்டு பேர், பக்கத்து ஷாப்புகளில் மூன்று பேர். ஒவ்வொரு மேஜைக்கும் மனு கொடுத்தோம். அவை எங்கே போயின என்று இதுவரை தெரியாது. சங்கத்துக்கு ஆள் வரவும் பயந்தது.

காதர் ஒரு நாடகம் எழுதினான். ஒரு தொழிலாளி கலெக்டரிடம் மனு கொடுக்கிற கதை. நாடகம் போட வேண்டுமென்றால் நோட்டை முதலில் போலீஸில் காட்ட வேண்டும். சப்-இன்ஸ்பெக்டர் படித்துப் பார்த்துக் கோபமான வரிகளையெல்லாம் அடித்தார். கலெக்டர் பேசுவதாகத் தாமே சில நல்ல வரிகளைச் சேர்த்தார். 'தைரியமாகச் சொல்.' 'மிகவும் வருந்துகிறேன்.' 'உன் மனுவை நானே படிப்பேன்.' அடித்து முடித்தபோது நாடகத்தில் யாருக்கும் யார்மேலும் குறையே இல்லை.

ராத்திரி கூடாது என்றும் சொல்லிவிட்டார். ஒரே ஒரு வெள்ளிக்கிழமை, பகலில், மூன்று மணிக்கு. அந்த நாள் தவறினால் அனுமதி கிடையாது.

கலெக்டர் வேஷம் எனக்கு. கொஞ்சம் சிவப்பாக இருப்பேன் என்பதால். திறமைக்கு யாரும் கொடுக்கவில்லை. ஒத்திகையில் கண்ணை உருட்டி, மீசையை முறுக்கி, ஊரே கேட்கக் கத்துவேன். ஒத்திகை பார்ப்பது மேடை ஏறுவது ஆகாதே, அதனால் ஆல்பட்டண்ணன் வந்து பார்ப்பார்.

"எப்பிடிண்ணே?"

"நல்லா கத்துற."

"கலெக்டர் மாதிரி கீதா?"

"கலெக்டர் எதுக்குக் கத்தணும்? கத்தாமலே நடக்குதுன்னுதானே அவன் கலெக்டர்."

நான் அதைக் காதில் வாங்கவில்லை. எனக்கு வேறு கவலை. ராத்திரி நாடகத்தில் விளக்கு வெளிச்சத்துக்குப் பவுடர் நிற்கும். மூன்று மணி ஆம்பூர் வெயிலில் நிற்குமா? ஒத்திகையில் என் வெள்ளைத்தனம் வேர்வையோடு இட்லி மாவு மாதிரி கழுத்தில் இறங்கியது. எல்லோரும் சிரித்தார்கள்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. தோலில் மயிர் கழற்றுவதற்குச் சுண்ணாம்புக் குழி வைத்திருக்கிறோம். ஆறு வருஷமாக அதில் கையை விட்டு எடுத்துக்கொண்டிருக்கிறேன். என் கைக்கு ஒன்றுமே ஆனதில்லை. சுண்ணாம்பு காய்ந்தால் உளி வைத்தாலும் வராது. இதைவிட வெள்ளை உண்டா?

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு, யாரிடமும் சொல்லாமல், குழியில் ஒரு தகர டப்பா மொண்டு வந்தேன். துணியில் வடிகட்டினேன், கொஞ்சம் கோந்து கலந்தேன். நெற்றி, கன்னம், மூக்கு, கழுத்து, எங்கும் தாராளமாக. கண்ணாடியில் பார்த்தபோது ராஜா மாதிரி இருந்தேன்.

கை வேறு, முகம் வேறு என்று தெரியக் கால் மணி நேரம் ஆயிற்று.

நான் போட்ட சத்தம் பள்ளிவாசல் வரை கேட்டிருக்கும். காதர் ஓடிவந்தான். என்னைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. சுண்ணாம்பு ஏறிய தோலுக்கு ஷாப்பில் என்ன செய்வோமோ அதையே எனக்கும் செய்தான். முதலில் குடம் குடமாகத் தண்ணீர். பிறகு தவிட்டுத் தண்ணீர்த் தொட்டியில் தலையைப் பிடித்து முக்கினான்.

"கண்ணத் தொறடா! தெரிதா?"

"ஒண்ணுல தெரிது. ஐயோ எரியுதுடா!"

"எரியும். மயிரெல்லாம் நல்லா கழண்டிருக்கு. அடுத்தது ஆவாரம்பட்டையில பத்து நாளு ஊறப்போட்டா மெட்ராஸ்ல நல்ல வெல போவடா நீ."

சொல்லிக்கொண்டே இன்னொரு குடம் தண்ணீரை என் தலையில் ஊற்றினான். என் முகம் பலூன் மாதிரி வீங்கியது. ஒரு புருவம் போயே போய்விட்டது. இன்றைக்கும் அது பாதிதான் முளைத்திருக்கிறது. (குடியாத்தம் வாசகர் மீசையைப் பற்றிக் கேட்டதோடு நிறுத்திக்கொண்டதற்கு நன்றி.)

பீப்பாயில் உட்கார்ந்தவர்

மூன்று மணி. பேர்ணாம்பட்டிலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் நடந்தே வந்த ஜனம் கை தட்டுகிறது. கலெக்டர் பட்டை மூட்டைமேல் முனகிக்கொண்டு கிடக்கிறார்.

"வேற யாருக்குக் கலெக்டர் வசனம் மனப்பாடம்?" என்றான் காதர்.

யாருக்கும் இல்லை. ஒத்திகைக்கு ஒருநாள் விடாமல் வந்த ஒருவரைத் தவிர. எல்லோரும் அவரைப் பார்த்தோம். பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

ஆல்பட்டண்ணன் தம் தொப்பியைக் கழற்றித் தூசி தட்டினார்.

"அண்ணே, வேணாம்" என்றேன். உதடு வீங்கி வார்த்தை சரியாக வரவில்லை. "நாடகத்த நிறுத்திடலாம். உங்கள அனுப்பிடுவாங்க."

"உன் மூஞ்சி பத்து நாள்ல ஆறிடும். இந்த ஜனம் இன்னொரு தபா வருமா?"

"முருங்க இன்னும் பூக்கவேயில்லண்ணே" என்றான் காதர்.

ஆல்பட்டண்ணன் கவிழ்த்துப் போட்ட பீப்பாய் மேல் உட்கார்ந்தார். அப்புறம் சொன்னார்: "முப்பது வருசமா இந்த வேஷந்தான் கட்றேன் காதரு. ஜட்ஜு, போலீசு. பாக்கறவன் எல்லாம் வசதியானவன். சிரிச்சிட்டுப் போய்டுவான். தண்டன வாங்கறவங்க எதிர்ல ஒரு தபாகூட ஆடினதில்ல. அந்தப் பவுடர எடு."

அப்புறம்தான் நான் முதலில் சொன்ன காட்சி.

எழுந்து நின்ற வரிசை

மேடையில் டவாலி போட்டவன் கத்தினான்: "கலெக்டர் துரை வர்றார்!"

ஆல்பட்டண்ணன் பக்கவாட்டிலிருந்து வந்தார். பழைய கோட்டு, தொப்பி, கையில் பிரம்பு. ஜனத்தைப் பார்க்கவேயில்லை. அங்கே ஜனம் இருப்பதே அவருக்குத் தெரியாத மாதிரி நடந்தார்.

முதல் வரிசையில் 'டக்' என்று பூட்ஸ் சத்தம். சப்-இன்ஸ்பெக்டர் விறைப்பாக எழுந்து நின்று சலாம் அடித்துவிட்டார்! அவரைப் பார்த்துக் கான்ஸ்டபிள்கள். அவர்களைப் பார்த்துப் பின்னால் இருந்த குமாஸ்தாக்கள். பாவம், எத்தனை வருஷத்துப் பழக்கம், கால் தானாகவே எழுந்துவிட்டது.

ஜனம் முழுக்கப் பெஞ்சுப் பக்கம் திரும்பியது. பிறகு எங்கோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. ஆல்பட்டண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பக்கம் திரும்பாமலே பிரம்பை லேசாகக் கீழே ஆட்டினார்.

உட்கார்ந்துவிட்டார்கள்.

தட்டி இடுக்கில் ஒற்றைக் கண்ணை வைத்திருந்த நான், எரிச்சலை மறந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

காதர் மனுவோடு வந்தான். ஐந்து பேருக்காக மனு கொடுக்கிற தொழிலாளி வேஷம் அவனுடையது. சப்-இன்ஸ்பெக்டர் நோட்டைப் பிரித்து, விரலை வரி மேல் வைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை மாறினாலும் நிறுத்தலாம்.

ஆல்பட்டண்ணன் ஒரு வார்த்தையும் மாற்றவில்லை.

"உன் குறை என்ன? தைரியமாகச் சொல்" என்றார் இனிமையாக. சொல்லிக்கொண்டே கோட்டுக் கையில் இருந்த ஒரு கறையைப் பார்த்தார். காதர் முழுக் கதையையும் சொல்லி முடிக்கிற வரை அந்தக் கறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிகவும் வருந்துகிறேன்" என்றார். கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

ஜனத்தில் ஒரு முணுமுணுப்பு. எங்கள் ஊருக்கு விசாரணைக்கு வந்த ஒவ்வொருவர் மூக்கிலும் அந்தக் கைக்குட்டையைப் பார்த்தவர்கள் அவர்கள்.

"உன் மனுவை நானே படிப்பேன்." மனுவை இரண்டு விரலால் வாங்கினார், ஈரத் தோலை வாங்குகிற மாதிரி. மேஜைமேல் வைத்தார். டவாலி கொண்டுவந்த டீக் கோப்பையை எடுத்து, ஒரு வாய் குடித்து, மனுவின்மேல் வைத்தார். பொருத்தமாக, நடு மத்தியில். எழுந்து போய்விட்டார்.

நோட்டுப்படி இப்போது காதர் கலெக்டரைப் புகழ்ந்து ஒரு பாட்டுப் பாட வேண்டும். அவன் அந்தக் கோப்பையைப் பார்த்தான். வாய் திறந்தான், பாட்டு வரவில்லை.

கூட்டத்திலிருந்து பட்டை இடிக்கிற பெண் ஒருத்தி எழுந்தாள். "எங்க மனுவும் இப்பிடித்தான்யா போச்சு! டீ வெச்சான்யா எங்க மனு மேல!"

அதற்கப்புறம் ஜனம் முழுக்க எழுந்துவிட்டது. சப்-இன்ஸ்பெக்டர் நோட்டை முன்னும் பின்னும் புரட்டினார். எல்லா வரியும் சரி. பாதி அவரே எழுதியது. கோப்பையைப் பற்றி நோட்டில் ஒன்றுமே இல்லை.

கூட்டம் கலைந்ததும் கொட்டகைக்குள் வந்தார். தொப்பி கையில்.

"சார், நீங்க மேடையில ஏறிட்டீங்க. நான் எழுதித்தான் ஆவணும். எனுக்கும் புள்ளகுட்டி கீது."

"எழுதுங்க" என்றார் ஆல்பட்டண்ணன், பவுடரைத் துடைத்துக்கொண்டே. "நல்லா நடிச்சேன்னு ஒரு வரி சேத்துக்கங்க."

போகக் கிளம்பிய சப்-இன்ஸ்பெக்டர் திரும்பினார். "சார், நான் எழுந்து நின்னத மட்டும்..."

"யாருக்கும் சொல்ல மாட்டேன்."

ஆல்பட்டண்ணன் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். நான் எந்த வார்த்தையும் கொடுக்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ரயிலடி

அந்த வாரமே, அதுவரை பயந்து எட்டிப் பார்க்காத இரண்டு தெரு ஜனம் சங்கத்துக்கு வந்தது. முதலாளிகள் முதல்முறையாகக் கூப்பிட்டுப் பேசினார்கள். ஐந்து பேரில் நான்கு பேருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. ஐந்தாவது ஆள் கோலாருக்குப் போய்விட்டான். எல்லாம் நல்லபடி முடிந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் மனு கொடுத்தால் இப்போது பதில் வருகிறது.

எட்டாம் நாள் அவரை ரயில் ஏற்றினார்கள். கூட ஒரு கான்ஸ்டபிள், மெட்ராஸ் வரை. வேலை நேரத்தில் போட்டது போட்டபடி எல்லோரும் ரயிலடிக்கு வந்துவிட்டோம். பிளாட்பாரம் முழுக்கச் சுண்ணாம்பும் பச்சைத் தோலும் பட்டையும் கலந்த வாடை. மற்றப் பிரயாணிகள் விலகி நின்றார்கள்.

ஆல்பட்டண்ணன் ஜன்னலில் தலையை நீட்டி நன்றாக மூச்சை இழுத்தார். "எங்கப்பா சட்ட வாசன" என்றார்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். வாயைத் திறந்ததும் வந்தது வேறு: "அண்ணே, லண்டன்ல இன்னொரு தபா ஜட்ஜா நடிச்சா, என்ன விடுதல பண்ணிடுங்க."

அவர் என் பாதிப் புருவத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். வண்டி நகர்ந்துவிட்டது. காதர் வண்டியோடு கொஞ்ச தூரம் ஓடினான். நான் ஓடவில்லை. எனக்கு அப்போது இரண்டு கண்ணும் சரியாகத் தெரியவில்லை. சுண்ணாம்பு காரணம் இல்லை.

அங்கே போன பிறகு காதருக்கு ஒரு கார்டு வந்தது. இப்போது தொழிலாளிகளின் கூட்டங்களில் நடிக்கிறாராம். சின்னச் சின்ன மண்டபங்கள், பெஞ்சு கூடக் கிடையாது. வேஷம் அதேதான். அந்த ஜட்ஜையும் போலீஸையும் அவரைவிட யாரால் நன்றாகக் காட்ட முடியும்?

எனக்கு ஒன்று மட்டும் அடங்கவில்லை. பொழுதுக்கும் கேலி பேசித் திரிகிறவன் நான். யாருக்கும் நன்றி சொல்லிப் பழக்கமில்லை. ஒரு மழைக்காலம் முழுக்க யோசித்து நாலு பக்கம் எழுதினேன். நாலாம் வகுப்போடு நின்றவன் எழுதினால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. நான் மட்டும் அன்றைக்கு ஒழுங்காகப் பவுடர் பூசியிருந்தால் நீங்கள் இங்கேயே இருந்திருப்பீர்கள், அண்ணே. உங்கள் ஊரை உங்களிடமிருந்து பிடுங்கியது நான்தான். அதனால் நான்கு வீட்டில் அடுப்பு எரிகிறது, அதற்கு நன்றி சொல்வதா, இதற்கு மன்னிப்புக் கேட்பதா தெரியவில்லை, இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதினேன். விலாசம் காதர் எழுதினான்.

பதில் வர மூன்று மாதம் ஆயிற்று. தமிழில், ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்து, ஒரே ஒரு வரி:

"அடுத்த தபா நாடகம் போட்டாலும் நீயே கலெக்டர் வேஷம் கட்டு தோஸ்த், சுண்ணாம்ப மறந்துடாத."